ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரும் பாலர்க்கு எழுத்துக் கற்பித்தலும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, பிள்ளைக்கு ஏடு தொடக்கும் நாளில், தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியின்மீது அதன் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் வழுவாது நடைபெறுகின்றது. விசயதசமியன்று கோயிலிலே குருக்களைக் கொண்டு செய்விப்போரும் உளர்; வீட்டிலே பாட்டனாரைக் கொண்டு செய்விப்போரும் உளர். அன்றைக்கு அகரம் எழுதிய பிள்ளைக்கு மறுநாள் ஆகாரம் எழுதுவிப்பவர் யாவர்? பெரும்பாலும் தாயேயாவள். பள்ளியிற் சேரும் பருவம் வருமுன் எழுத்தறிவித்தலும், சேர்ந்தபின் பிழையின்றி எழுதப் பழக்குதலும் அவள் தலைமேலே விழுகின்றன. அவள் இலக்கணம் கற்றவளாயிருத்தல் அரிது. அவள் கையில் எந்நூல் உளதோ அந்நூலே அப்பிள்ளைக்கு முதலாசிரியர்.

இந்நகரத்திலே வீட்டுக் கல்வி ஓய்வுப்பொழுதின் விளையாட்டாய் இருந்ததில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தபோது குடும்பங்கள் பல ஊரைவிட்டு அகன்றன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின்னரும், 2020இலே கொள்ளைநோயால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் பிள்ளைகளின் படிப்பு இடையிட்டு நின்றது. அவ்வக்காலத்திலே அரிவரி வகுப்புக்குரிய பிள்ளைகள் இழந்த மாதங்கள் அற்பமானவையல்ல. எழுத்தொலி நெஞ்சிற் பதியும் வயதிலே அது பதியாது போமாயின், பத்தாம் வகுப்பிலும் அப்பிள்ளை மனத்தை மணமென்று எழுதி நிற்கும். இதனை நம் ஆசிரியர்கள் நாடோறும் காண்கின்றனர்.

பள்ளியில்லாத வீட்டுக்கும் பயன்படத்தக்க சிறு நூலொன்றை, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர். அவருடைய சரித்திரத்தைச் சமயத்தொண்டு பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் ஈண்டு அவரைப் பாலர்க்கு எழுத்தறிவித்த ஆசிரியராகவே கொண்டு அவர் வாழ்க்கையைச் சொல்லப் புகுகின்றோம்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார். ஐந்து வயதிலே வித்தியாரம்பம் நிகழ்ந்தது. நல்லூர்ச் சுப்பிரமணியபிள்ளை என்பவரிடம் நீதிநூல்களும் நிகண்டும் கற்றார். அக்காலத்துக் கல்வி எத்தகையது என்பதைச் சிறிது சொல்லல் வேண்டும். பிள்ளை மணலில் எழுதும். பின்னர் ஓலையில் எழுதும். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என எழுத்தின் பெயரைக் கூவும். சட்டம்பியார் சொல்லும் பாட்டை, பொருள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நெட்டுருப் பண்ணும். அம்முறை நினைவாற்றலை வளர்த்தது. அதனை நாம் பழிக்கமாட்டோம். அம்முறையிலே பேரறிஞர் பலர் தோன்றினர். ஆனால் அதற்கு எப்பொழுதும் ஓராசிரியர் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.

ஏனெனில், ஓலையெழுத்தைப் பிறர் துணையின்றி வாசித்தல் எளிதன்று. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தாது விடுவர். ஆகவே ககரமும் ககரமெய்யும் ஒன்றுபோலத் தோன்றும். குற்றெகரத்துக்கும் நெட்டேகாரத்துக்கும் வேற்றுமை காட்டப்படாது. ஒகர ஓகாரங்களும் அத்தன்மையன. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. முன்னரே மனப்பாடமாயுள்ள பாட்டை மாத்திரமே பிள்ளை ஓலையில் வாசிக்கவல்லதாயிற்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தும் வழியை வீரமாமுனிவர் (1680–1747) வகுத்தார். அவ்வழி எங்கும் நிலைபெற்றது அச்சுப் பரவிய பின்னரேயாம். பிழையற எழுதுதல் என்பதற்கு உறுதியான அளவுகோல் வந்ததும் அச்சினாலேயே.

ஒன்பதாவது வயதிலே ஆறுமுகம் தந்தையை இழந்தார். கந்தர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று முற்றுப்பெறாது நின்றது. அதனை அச்சிறுவரே பாடி முடித்தார் என்பது வரலாறு. பின்னர் மூத்த சகோதரர் அவரைச் சரவணமுத்துப்புலவரிடமும், அவருக்கும் ஆசிரியராகிய சேனாதிராச முதலியாரிடமும் உயர்ந்த இலக்கண இலக்கியங்கள் கற்கவிட்டனர்.

ஆங்கிலம் கற்றற்பொருட்டு அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார், மாணாக்கருடைய திறமையைக் கண்டு அவரை ஆசிரியராகவும் நியமித்தார். கீழ்வகுப்பினருக்கு ஆங்கிலமும் மேல்வகுப்பினருக்குத் தமிழும் அவர் கற்பித்தார். பேர்சிவல் பாதிரியார் செய்த விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். சமயப் பற்றுடையோர் சிலர் இப்பகுதியைச் சொல்லும்போது விரைந்து கடந்துவிடுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. ஆங்கிலத்திலே எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று. ஓரெழுத்துக்கே பல ஒலிகள். அதனைச் சிறுவர்க்குக் கற்பித்த ஒருவர்க்கு, எழுத்தின் ஒலியே எழுத்தின் பெயராய் அமையத்தக்க தமிழின் எளிமை நன்கு விளங்கியிருக்கும் என்று நாம் கருதுகின்றோம். படிப்படியாய் ஏறும் அச்சுப் பாடநூல், வகுப்பு வகுத்தல், வினாவிடை முறை முதலியவற்றை மிசன் பாடசாலையிலே அவர் கண்டார். பின்னர்த் தம் பணிக்கும் அவற்றைக் கைக்கொண்டார். நல்ல கருவி எவர் பட்டறையிலிருந்து வந்தாலும் கருவியே.

அந்நாளிலே எழுத்தறிவுக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. சைவக் குடும்பத்துப் பிள்ளை முறையான பாடசாலையிற் கற்க விரும்பின், பெரும்பாலும் மிசன் பாடசாலைக்கே செல்லல் வேண்டும். அங்கே எழுத்தோடு சமயமும் வரும். பிள்ளையின் முதல் வாசகமே பெற்றோர் சமயத்தை இகழும் வாசகமாயிருத்தல் கூடும். இதற்கு மாற்று, பாதிரியாரை வைதல் அன்று என்பதை நாவலர் உணர்ந்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிசன் பாடசாலை உத்தியோகத்தையும் துறந்தார். வேதனம் கொண்டிலர்; விவாகமும் செய்திலர்.

பாடசாலை தொடங்கியவுடன் முதற்குறை புலப்பட்டது. பிள்ளைகளின் கையிற் கொடுக்க நூலில்லை. ஓலைச்சுவடியைப் பிரதிபண்ணி நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்தல் எவ்வாறு இயலும்? இந்தியாவிலே இந்நாட்டவர் தம் விருப்பின்படி அச்சுக்கூடம் நடத்துதற்கிருந்த தடை 1835இலே நீங்கியிருந்தது. 1849இலே நாவலர் தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையுடன் சென்னைக்குச் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கித்து நாவலர் என்னும் பட்டம் பெற்றமை யாவரும் அறிந்ததே. சென்னையிலே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டார்; அச்சியந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு மீண்டார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளே பாலபாடங்கள் அதிலிருந்து வெளிப்பட்டன.

திருமுருகாற்றுப்படைக்கு உரை கண்டவர், நன்னூலைப் பதிப்பித்தவர், 1852இலே பெரியபுராணத்தை வசனமாக்கியவர், 1861இலே திருக்குறட் பரிமேலழகருரையைப் பிழையற அச்சிட்டவர் ஆகிய ஒரு புலவர், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அகரம் கற்பிக்கும் நூலைத் தம் கையாலேயே எழுதினார். இதனை நாம் பெரிதும் வியக்கின்றோம். இப்பணியை இளைய உபாத்தியாயர் ஒருவரிடம் விட்டிருக்கலாம். விட்டாரில்லை. நம்முள்ளே அரிவரி வகுப்பைப் புதிதாய் வந்த ஆசிரியருக்குத் தள்ளிவிட்டு மேல்வகுப்பை வேண்டி நிற்கும் வழக்கம் உளதே, அது நாவலரிடம் கற்றதன்று.

முதற் பாலபாடம் எழுத்தில் தொடங்கி, சொல்லுக்கு ஏறி, சிறு வாக்கியத்துக்கு ஏறுகின்றது. பிள்ளை தான் அறிந்த எழுத்தாலாகிய சொல்லையே காண்கின்றது. தான் அறிந்த சொல்லாலாகிய வாக்கியத்தையே வாசிக்கின்றது. மனப்பாடத்தின் துணை வேண்டுவதில்லை. எழுத்தைக் கூட்டினாற் சொல் தானே வந்து நிற்கும். இந்த ஒழுங்கினாலேதான் அந்நூல் ஆசிரியரில்லாத வீட்டுக்கும் உதவுவதாயிற்று. எழுத்து மாத்திரம் அறிந்த தாயொருத்தி, பக்கம் பக்கமாய்த் தன் பிள்ளையை நடத்திச் செல்லலாம்.

இவ்விடத்து, வீட்டிலே கற்பிப்போர்க்கு நம் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லத்தக்க சிலவற்றை விரித்துக் கூறுவோம். கடல் என்னும் சொல்லைக் கூட்டும் பிள்ளை கானா, டானா என்று எழுத்தின் பெயர்களை அடுக்குமாயின், அவ்வொலிகளிலிருந்து கடல் பிறவாது. பிள்ளை மலைத்து நிற்கும். க, ட, ல் என்று ஒலிகளையே சொல்லுமாயின் கடல் உடனே பிறக்கும். எழுத்தின் பெயர் பின்னர் வந்தாற் போதும். இரண்டாவது இடர் கொம்பு. செவியிலே முதலில் விழுவது மெய்யின் ஒலி. கையோ முதலிற் கொம்பை எழுதல் வேண்டும். கொடி, தோணி என்பவற்றில் ஒருயிர்க்குறி மெய்யின் இருபக்கத்தும் பிரிந்து நிற்கின்றது. பிள்ளை இங்கே தடுமாறுதல் மடமையன்று, அதனை அதட்டலாகாது. அத்தகைய சொற்களை எழுதிக்காட்டிப் பன்முறை எழுதுவித்தலே மருந்து.

மிகப் பெரிய இடர் ஒலியொத்த எழுத்துக்கள். ஈழத்துப் பேச்சிலே ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகையாற் செவியை மாத்திரம் நம்பிய பிள்ளை பழத்தைப் பளமென்று எழுதும். அலை, அழை, அளை என்பனவும், கரை, கறை என்பனவும், வலை, வளை என்பனவும் நம் கடற்கரைப் பிள்ளைகள் நாடோறும் எதிர்ப்படும் சொற்கள். இவற்றைத் தனித்தனி எழுத்தாய்க் கற்பித்தலாற் பயனில்லை. பொருளோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். கோணமலையிலிருந்த திருக்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர் என்ற செய்தியை இவ்வூர்ப் பிள்ளை எதுவும் அறியும். அரன் உறைந்த இடத்திலே அரண் எழுந்தது என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லி, இரண்டு சொற்களையும் பலகையில் எழுதுவாராயின், னகர ணகர வேறுபாடு அப்பிள்ளைக்கு ஆயுள் முழுதும் மறவாது.

இலக்கணமும் இங்கே தாய்க்குத் துணைசெய்யும். அது புலவர்க்கே உரியதென்று அஞ்சவேண்டுவதில்லை. மெல்லினமெய் தன் இனமாகிய வல்லினத்தோடு கூடிவரும் இடத்தைப் பாருங்கள். டகரத்துக்கு முன் ணகரமெய், தகரத்துக்கு முன் நகரமெய், றகரத்துக்கு முன் னகரமெய். வண்டு, பந்து, கன்று என்னும் மூன்று சொற்களைப் பிள்ளை அறியுமாயின் ஆயிரம் சொற்களிற் பிழை நீங்கும். றகரமும் ளகரமும் ழகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. ரகரமெய்யும் ழகரமெய்யும் தம்மொடு தாம் இரட்டா. ஆகவே வெற்றி, காற்று என்பவற்றிலும், பள்ளி, வெள்ளி என்பவற்றிலும் ஐயத்துக்கே இடமில்லை. ஐயம் எழும் இடங்கள் நாம் அஞ்சும் அளவு பலவல்ல. அவற்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, நாளொன்றுக்கு ஐந்து சொல்லாகச் சொல்வதெழுதல் நடத்தினால் ஓராண்டிலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிழைத்த சொல்லை நூறுமுறை எழுதுவிக்கும் தண்டனையை நாம் விரும்புவதில்லை. பத்தாம் முறைக்குமேற் கை எழுதும், கருத்து எழுதாது.

இந்த எழுத்துவிதிகளை நாவலர் இலக்கணச்சுருக்கம் என்னும் நூலிலே வசனநடையில் எழுதி வைத்தார். அதற்கு முன்னர் இவை பெரும்பாலும் சூத்திரங்களாகவே இருந்தன. சூத்திரத்துக்கு உரையும், உரைக்கு ஓராசிரியரும் வேண்டியிருந்தன. பாலபாடத்துக்கும் நன்னூலுக்கும் இடையே ஒரு படி இல்லாதிருந்த குறை அந்நூலினாலே தீர்ந்தது.

நாவலருடைய வசனநடை பற்றி ஓர் ஐயம் எழுதல் கூடும். பாலர்க்கென எழுதிய இடத்திலே சொற்களைச் சந்தி பிரித்து எளிதாய் எழுதியவர், கற்றோர்க்கு எழுதிய இடத்திலே சந்தியும் நெடுந்தொடரும் பயில எழுதினார். இஃது முரண்பாடன்று, படிக்கும் கண்ணின் வலிமையை அளந்து கொடுத்தலேயாம். காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய நிறுத்தற்குறிகளைத் தமிழ் வசனத்திலே ஒழுங்காக வழங்கிக் காட்டியவர்களுள்ளும் அவர் முதன்மையானவர். எங்கே மூச்சை நிறுத்துவதென்று அறியாத பிள்ளைக்கு அக்குறிகள் செய்யும் உதவி, வாசிப்புக் கேட்கும் ஆசிரியருக்கு நன்கு தெரியும்.

அவருடைய பிற்கால வாழ்வை விரிவஞ்சிச் சுருக்குகின்றோம். 1864இலே சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தாபித்தார். சைவவினாவிடை, நான்காம் பாலபாடம் முதலியவற்றையும் எழுதினார். 1877ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் தருமத்தை நடத்தினார். 1879இலே பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபைக்குத் தெரியப்படுதற்கு ஆதரவு அளித்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆம் திகதி சிவபதமடைந்தார். வயது ஐம்பத்தேழும் நிரம்பியிலது.

அவர் ஏற்றிய விளக்கு நம் துறைமுக நகரத்திலும் ஒளிவிட்டது. நாவலர் வாழ்ந்த காலத்திலேயே, 1863இற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவர் தம்பி சரவணமுத்துப்பிள்ளையும் திருக்கோணமலையிலே தமிழ் பயின்று, பின்னர்ச் சென்னை சென்று புகழ்பெற்றனர். தம்பியார் எழுதிய மோகனாங்கி என்னும் கதை 1895இலே வெளிவந்தது. நகரத்து இந்துக்கள் 1897இலே தமக்கெனப் பாடசாலை அமைத்தனர். 1925இலே அஃது இராமகிருஷ்ண மிசன் பொறுப்பில் வந்தபின் சுவாமி விபுலாநந்தர் அதனை நடத்தினார். ஈழத்துச் சைவபாடசாலைகளிலே பாலபாடம் பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்று வகுப்பறையிலே அரசாங்கப் பாடநூலே வழங்குகின்றது; ஆயின் வீட்டிலே எழுத்துக் கற்பிக்கும் தாய்க்கு எந்நூலையும் எவரும் விதித்திலர். பாலபாடம் அவளுக்கு இன்றும் உரியதே. ஆசிரியர் ஏடு தொடக்கும் நாளிலே அதனைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொடுப்பாராக.

இவ்வூர்ப் பிள்ளை எழுத்துக்கூட்டக் கற்றபின் தெருவிலே வாசிக்கும் முதற்சொற்களுள் ஒன்று தன் ஊர்ப்பெயர். அங்கேயே அதற்கு ஓரையம் காத்திருக்கின்றது. பெயர்ப்பலகைகளிலும் அரசாங்கப் பத்திரங்களிலும் திருகோணமலை என்றிருக்கும்; சில நூல்களிலும் கோயிலைச் சார்ந்த எழுத்துக்களிலும் திருக்கோணமலை என்றிருக்கும். எது சரியென்று பிள்ளை வினவுமாயின் வாயடைத்தலாகாது. திரு என்பது கோணமலையோடு சேரும்போது ககரமெய் மிகுதல் தமிழ்ச் சந்தியின் வழக்கம். திருச்செந்தூர், திருக்கேதீச்சரம் என்பவற்றை ஒப்பக் காட்டலாம். திரிகோணம் என்னும் வடசொல்லோடு இயைத்து, மிகாமற் சொல்வாரும் உளர்; அரசாங்க வழக்கும் மிகாமலே எழுதுகின்றது. இவ்விரண்டையும் சொல்லி, இரண்டையும் அதன் கொப்பியில் எழுதுவித்து, காரணத்தையும் ஓரடியில் எழுதுவித்தல் வேண்டும். நாம் இக்கட்டுரையிலே மிகுத்தே எழுதியுள்ளோம்.